தொமோகி சொன்ன ஊர்

சயோரியின் விரலிடுக்கிலிருந்து நழுவிய பகடை, மேசையைத் தொடுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டது.

கண் இமைக்கும் நேரம்தான் கூடுதல். இருபது முகங்கள் கொண்ட அந்த மஞ்சள் பகடையை யோசிக்கும்போதெல்லாம் கையில் உருட்டிக்கொண்டிருப்பது சயோரியின் வழக்கம். அது விழுந்த விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது, தடித்த எண்ணெய்க்குள் இறங்குவதைப் போல. பிறகு மேசையில் பட்டது, சத்தமே எழாமல் உருண்டது, ஆரஞ்சுத் தோல் குவியலில் முட்டி நின்றது. ஹொனாமி மட்டும்தான் அதைக் கவனித்தாள்.

"பதினேழு! இன்னிக்கு நல்ல உலகமா அமையும் பாருங்க," என்றாள் சயோரி.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. ஹொனாமியின் வீட்டு முன்னறையில் அடியில் சூடு தரும் தாழ்வான கணப்பு மேசையின் நான்கு பக்கமும் நான்கு பேர், அதன் பஞ்சுப் போர்வைக்குள் கால்களை மடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் வாசமும், உரித்த ஆரஞ்சின் வாசமும், குராமொச்சி தன் வேனிலிருந்து கொண்டுவந்த பயறுப் பன்களின் இனிப்பு வாசமும் அறையில் கலந்து நின்றன. ஒன்பது வருடங்களாக மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படித்தான் கழிகிறது. ஹொனாமி ஓர் உலகத்தைச் சொல்வாள். மற்ற மூவரும் அதற்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து நடமாடுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். இரண்டு வருடம் ஓடிய கடல் கொள்ளையர் கதை நவம்பரில் முடிந்துவிட்டது. இனி எந்த உலகம் என்று சேர்ந்து யோசிக்கத்தான் இன்று கூடியிருந்தார்கள்.

"நான் சொல்றேன், கேளுங்க," என்றார் குராமொச்சி. ஐம்பத்தாறு வயது. மலையோரக் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகிற வேன் ஓட்டுகிறவர். "பேக்கரிக்காரங்க ஆளுற சாம்ராஜ்யம். ராஜாவுக்குக் கிரீடம் கிடையாது. தலைமேல ஒரு பெரிய பன்."

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க."

"போன தடவை கிரீம் பன். இது மெலன் பன். வித்தியாசம் தெரியாத ஆளுகிட்ட என்னத்தைப் பேசறது?"

பல் மருத்துவமனையில் நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் சயோரி, இங்கே வந்தால் வாய்விட்டுச் சிரிப்பாள். இப்போதும் சிரித்தாள். ஹொனாமி தம்பியைப் பார்த்தாள்.

தொமோகி சிரிக்கவில்லை. போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். முப்பத்துமூன்று வயது. மனைவி விட்டுப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதன்பின் வேலையும் போனது. பெற்றோர் விட்டுச்சென்ற பழைய வீட்டின் பின்னறையிலிருந்து அவன் வெளியே வருவது மாதத்தில் இந்த ஒரு ஞாயிறு மட்டும்தான். டிசம்பரில் ஆட்டம் இல்லை, அவனும் வரவில்லை. கதவுக்கு வெளியே அவள் வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டி இரண்டு நாள் அப்படியே இருந்தது. அவனை வெளியே இழுக்கிற ஓர் உலகம் இன்று கிடைத்தாக வேண்டும் என்பதற்காகவே ஹொனாமி மருந்துக்கடை வேலைக்கு நடுவே ஒரு மாதமாக மூன்று உலகங்களை எழுதி வைத்திருந்தாள்: நிற்கவே நிற்காத ஒரு ரயில், நட்சத்திரங்களை விற்கிற சந்தை, பெரிய ஆமையின் முதுகில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பட்டணம்.

"ஆமை முதுகுல ஊரா?" என்றார் குராமொச்சி. "என் வேனே அப்படித்தாம்மா ஓடுது. ஞாயித்துக்கிழமையும் அதுலயே போகணுமா நான்?"

ஹொனாமிக்குக் காது அடைத்தது. மலைப்பாதையில் வண்டி ஏறும்போது அடைப்பதைப் போல. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். விடவில்லை.

"அக்கா," என்றான் தொமோகி.

மூவரும் திரும்பினார்கள்.

"ஒரு ஊரு. மலைக்கு நடுவுல. அணை கட்டினப்போ தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஆனா ஜனங்க போகல. கீழயே இருப்பாங்க. விளக்கு ஏத்துவாங்க, சமைப்பாங்க. எல்லாம் தண்ணிக்குள்ளயே நடக்கும்."

மாதக்கணக்கில் அவன் இத்தனை வாக்கியங்களைச் சேர்த்துச் சொன்னதில்லை. ஹொனாமி தான் எழுதி வந்த மூன்று தாள்களையும் மடித்து ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை மேசைமேல் விரித்தாள். "ரொம்ப நல்லா இருக்கு, தொமோ. அப்புறம்? எப்படிப்பட்ட ஊரு? தெரு எப்படி இருக்கும்?"

"ஒரே தெரு. ஆத்தை ஒட்டிப் போகும். தெருக்கோடியில சோயா சாஸ் வடிக்கிற வீடு. பக்கத்துல கோயில்."

"கோயிலுக்கு எத்தனை படி?"

"பத்தொன்பது," என்றாள் சயோரி.

சொல்லிவிட்டு இன்னொரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். யோசனை கூடுவது எப்போதும் இப்படித்தான். ஒருவர் சொல்வதன்மேல் இன்னொருவர் ஏற்றுவார். ஹொனாமி தாளில் கோடு போட்டு, படிகளைக் குறித்தாள்.

"மேலேர்ந்து மூணாவது படி விரிசல் விட்டிருக்கும்," என்றார் குராமொச்சி.

"ஆமா, வண்டிக்காரன் கல்லைத் தள்ளிவிட்டப்போ விரிசல் விட்டது," என்றான் தொமோகி.

"அவன் பொய் சொன்னான். தள்ளினது அவன் பையன்," என்றாள் சயோரி.

ஹொனாமி சிரித்தாள். "மூணு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா? என்னை ஏமாத்தப் பாக்கறீங்களா?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எதைக் கேட்கிறாள் என்றே புரியாதவர்களைப் போல.

அவள் பேனாவை எடுத்து, கோயிலுக்கு எதிரில் ஒரு கட்டம் போட்டுப் 'பள்ளிக்கூடம்' என்று எழுதினாள்.

"அங்க இல்லக்கா," என்று தொமோகி தாளில் விரலை வைத்தான். "ஆத்துக்கு இந்தப் பக்கம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒரே நேரத்தில். ஒரே அளவு.

மணி மூன்றரை இருக்கும். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் காகிதக் கதவின் வழியே உள்ளே வந்த அந்த வெளிச்சம் வழக்கமான வெள்ளையாக இல்லை. பச்சை கலந்திருந்தது, அடியில் பாசி படிந்த தொட்டிக்குள் இறங்கும் வெளிச்சம் மாதிரி. பாய்மேல் அது நிலையாகவும் விழவில்லை, மெல்ல நெளிந்தது. கெண்டியின் முனகல் வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. ஆரஞ்சு வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் எங்கோ போய், அவற்றின் இடத்தில் வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது: மழை நின்ற வயலில் காலை எடுக்கும்போது கிளம்புமே, சேறும் அழுகிய இலையும் சேர்ந்த அந்தக் குளிர்ந்த வாசம். ஹொனாமி குனிந்து பாயைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

"யாருக்காவது ஏதாவது நாத்தம் தெரியுதா?" என்று கேட்டாள்.

"சோயா வடிக்கிறாங்க இல்ல, அதான்," என்றார் குராமொச்சி.

"அது கதையில, குராமொச்சி-சான். நான் இங்க கேக்கறேன்."

"இங்கதான்மா."

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். வேடிக்கை செய்யும்போது அவருடைய இடது புருவம் ஏறும். அது ஏறவில்லை.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. இருக்கும், போகும், ஏற்றுவார்கள் என்றுதான் தம்பி ஆரம்பித்தான். இப்போது மூவருமே கண்ணெதிரில் நடப்பதைச் சொல்வதுபோலப் பேசினார்கள்.

"தெருவிளக்குக்குக் கீழ ஒரு பொம்பளை நிக்கறா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் சயோரி. "தலைமுடியை அவுத்து விட்டிருக்கா. அது மேல மேல போகுது. கையால அமுக்கிக்கிறா."

"நம்மளைப் பாக்கறா," என்றான் தொமோகி.

"கூப்பிடறா," என்றார் குராமொச்சி.

"போதும்." ஹொனாமி பேனாவை மூடினாள். தன் குரலே தனக்குப் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி கேட்டது. "இன்னிக்கு இது போதும். டீ போடறேன். எல்லாரும் குடிக்கலாம்."



அவள் எழுந்து கெண்டியை எடுத்தாள். தேயிலைப் பாத்திரத்தில் நீரை ஊற்றினாள். முதுகுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை; போர்வை உரசவில்லை, ஆரஞ்சுத் தோல் கிழிபடவில்லை, யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. திரும்பினாள்.

மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் திறந்திருந்தன. வாய்கள் லேசாகத் திறந்திருந்தன. மார்புகள் அசையவில்லை.

"தொமோ?"

அசையவில்லை.

சயோரியின் உதடுகள் வெளுத்து, ஓரங்களில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. ஹொனாமி கெண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். அவன் தலை மெதுவாகச் சாய்ந்து, மெதுவாகவே பழைய இடத்துக்கு வந்தது. "மூச்சு விடு! தொமோ, மூச்சு விடு! என்னடா பண்றே? என்ன பாக்கறே அங்க?"

கடைசிக் கேள்வி வாயிலிருந்து விழுந்ததும், மூன்று மார்புகளும் ஒன்றாக ஏறின.

"அந்தப் பொம்பளை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறா," என்றான் தொமோகி. நீலம் அவன் உதட்டிலிருந்து வடிந்தது. "அரிசி வேகுது."

சொல்லி முடித்தான். மார்பு மறுபடி நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"யார் வீடு அது?" என்று கேட்டாள்.

"ஊர்த்தலைவர் வீடு." மூச்சு.

"உள்ள யாரெல்லாம் இருக்காங்க?"

"நிறையப் பேர்." மூச்சு.

ஒரு கையால் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். நிதானமான பெண் குரல். தீயா, ஆம்புலன்ஸா என்று கேட்டது.

"ஆம்புலன்ஸ். மூணு பேருக்கு மூச்சு நிக்குது. குராமொச்சி-சான், என்ன சாப்பிடக் குடுக்கறாங்க?"

"முள்ளங்கி ஊறுகாய். சோறு."

"மூச்சு நிக்குதுன்னு சொன்னீங்க. இப்போ பேசறது யாருங்க?" என்றது போன்.

"அவங்கதான். நான் கேள்வி கேட்டாத்தான் பேசறாங்க. பேசினாத்தான் மூச்சு விடறாங்க. சயோரி, வெளிய சத்தம் என்ன?"

"மணி அடிக்கிறாங்க."

போனில் அதே நிதானக் குரல். "பேசறாங்கன்னா மூச்சு விடறாங்கன்னுதான் அர்த்தம்மா. பதட்டப்படாதீங்க. ஹீட்டர் எரியுதா? ஜன்னலைத் திறந்து விடுங்க. முகவரி சொல்லுங்க. பாதையில பனி ஜாஸ்தி, இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

முகவரியைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குராமொச்சியின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். குளிர் வரவில்லை. காற்றே வரவில்லை. அதே சேற்று வாசம் வெளியிலிருந்தும் வந்தது.

இருபத்தைந்து நிமிடம்.

ஒன்பது வருடமாக அவள் செய்துவந்த வேலை இது ஒன்றுதான்: கேட்பது. கதவுக்குப் பின்னால் என்ன? அவன் கையில் என்ன? நீ என்ன செய்யப்போகிறாய்? கேள்விக்கு அவள் ஒருநாளும் திணறியதில்லை. இப்போது கேட்டாள். கூரை எதால் வேய்ந்தது, குழந்தைகள் என்ன விளையாடுகிறார்கள், கிணற்றில் என்ன தெரிகிறது, நாய்க்கு என்ன பெயர். கேட்கக் கேட்க அவர்கள் மூச்சு விட்டார்கள். கேட்கக் கேட்க உள்ளேயும் போனார்கள். ஒவ்வொரு பதிலிலும் குரல் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்து வந்தது. தம்பியின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. ஒன்றரை வருடமாக அவள் அதைத்தான் பார்க்க ஏங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதைப் பார்க்கப் பார்க்க அவள் இன்னும் வேகமாகக் கேட்டாள்.

வெளியே இருட்டத் தொடங்கியது. தொண்டை வறண்டது.

வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள். "தொமோ, அந்த ஊர்லேர்ந்து வெளிய போற பாதை எங்க இருக்கு?"

பதில் இல்லை. ஆனால் மூச்சு நிற்கவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொமோகியின் கண்கள் கலங்கின.

"பாதை இல்லக்கா. நீ போடலையே."

அவள் பேனாவைச் சட்டென்று எடுத்தாள். தாளில் தெருவின் முனையிலிருந்து ஓரம்வரை கறுப்பாக, தடிமனாக ஒரு பாதை போட்டாள். அழுத்தியதில் தாள் கிழிந்தது. "இதோ! இதோ இருக்கு. நடந்து வாடா. இது வழியா வா."

அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது கோடுக்கா," என்றான்.

சயோரி தேம்பினாள். அவளுடைய முடி தோளிலிருந்து எழுந்தது. காற்றில்லாத அறையில், தனித்தனி இழைகளாக. அலைந்தது.

குராமொச்சியின் சட்டைக் கழுத்துப்பட்டை. தொமோகியின் நெற்றி முடி. எல்லாம் எழுந்தன. அசைந்தன.

தம்பியின் உதடு மறுபடி நீலமானது. கேட்க வேண்டும். ஏதாவது. கிணறு கேட்டாகிவிட்டது. நாய் கேட்டாகிவிட்டது. தண்ணீருக்கு அடியில் இருப்பவனுக்கு எது வழி?

மேலே.

"மேல பாருங்க!" என்று கத்தினாள். "மேல வெளிச்சம் தெரியுதா?"

மூன்று முகங்களும் நிமிர்ந்தன.

"தெரியுது," என்றான் தொமோகி. முதல்முறையாக அவன் குரலில் ஆசை இருந்தது.

"அங்க வாங்க. மூணு பேரும். மேல வாங்க. வர முடியுமா?"

"முடியும்."

போர்வை நழுவியது. முதலில் சயோரி. மடித்திருந்த கால்கள் மடித்தபடியே பாயைவிட்டு எழுந்தன. பிறகு குராமொச்சி, கனத்த உடம்பு, பக்கவாட்டில் சாய்ந்து, இலேசாகச் சுழன்று. பிறகு தம்பி. கைகளை விரித்துக்கொண்டு.

ஹொனாமி பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தாள். தொங்கினாள். அவள் எடை அவனை ஒன்றும் செய்யவில்லை. காலுறை கழன்று அவள் கையோடு வந்தது. அவள் மேசைமேல் விழுந்தாள்.

மேலே மூன்று தலைகள் உயரமான கூரையின் பலகையில் முட்டின.

மெதுவாக. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று.

"வந்துட்டியா, தொமோ? வெளிய வந்துட்டியா?"

"மூடியிருக்குக்கா."

"என்ன மூடியிருக்கு?"

"ஐஸ்."

அதன்பிறகு அவளிடம் கேள்வி இல்லை.   மேசைமேல் ஏறி நின்று கையை நீட்டினாள். அவனுடைய பாதத்துக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

தெருவில் சைரன் வந்து நின்றது. பனியை மிதித்துக்கொண்டு காலடிகள். வாசல் கதவை இழுக்கும் சத்தம்.

"ஆம்புலன்ஸ்! உள்ள யாராவது இருக்கீங்களா?"

மேலே மூன்று மார்புகள் விரிந்தன.

"இருக்கோம்," என்றார்கள் மூவரும், முகத்தைத் திருப்பாமல், ஒரே குரலில்.

காலடிகள் நடையைத் தாண்டி வந்தன. அறைக்கதவு விலகியது. தலைக்கவசம் அணிந்த மூன்று பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூரையோடு ஒட்டிக்கிடந்தார்கள் மூவரும். கன்னங்கள் பலகையில் நசுங்கியிருந்தன. உள்ளங்கைகள் மட்டும் அசைந்தன; பலகைக்குப் பலகை, இடுக்குக்கு இடுக்கு, ஒரு துவாரத்தைத் தேடி, பொறுமையாக, தடவிக்கொண்டே.